இடுப்புத் துண்டு

கடலூர் முதுநகரில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில், தடுமாறுகிறவர்களைத் தனியாக நடக்கவிட மாட்டோம். இடுப்பில் துண்டைச் சுற்றிப் பின்பக்கம் முடிச்சுப் போட்டு, மிச்ச முனையைப் பிடித்துக்கொண்டே பின்னால் நடப்போம். போன மாசம் பாக்கியமேரி அம்மா யாரையும் கூப்பிடாமல் பாத்ரூமுக்குப் போய் விழுந்து இறந்துபோனார். அதற்கப்புறம் வந்த வழக்கம் இது.

நேற்றுக் காலை அவருடைய வீட்டுக்காரர் ஞானமுத்து ஐயாவை நடக்கவைத்துக்கொண்டிருந்தேன். கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது என்று வாசலில் கத்தினார்கள்.

"ஐயா, இந்தக் கம்பியப் புடிச்சிக்கினு நில்லுங்க, இதோ வந்துடறேன்" என்று விட்டுவிட்டுப் போனேன். செய்யக்கூடாத வேலை. தெரிந்தேதான் செய்தேன்.

திரும்பி வந்தபோது அவர் வராந்தாவின் அந்தக் கோடியில் நடந்துகொண்டிருந்தார். கழுவிவிட்ட தரை இன்னும் காயவில்லை. நான் ஓடினேன். அதற்குள் அவருக்குக் கால் வழுக்கியது. ஒரு பக்கமாகச் சாய்ந்தார். ஆனால் விழவில்லை, மெல்ல நிமிர்ந்து நின்றார்.

"கொஞ்சம் லூஸாப் புடிம்மா, இறுக்குது" என்றார், திரும்பாமலே.

நான் இன்னும் பாதி வராந்தாவில்தான் இருந்தேன். துண்டின் முனை கீழே தொங்கவில்லை. அவருக்குப் பின்னால் நேராக, விறைப்பாக நீண்டிருந்தது.

அவர் சொன்னதும் கொஞ்சம் தளர்ந்தது.