எட்டாவது வேதாகமம்

ஹெப்சிபா இதுவரை ஏழு வேதாகமங்களைத் தொலைத்திருந்தாள். எட்டாவதைக் கணவர் நைலான் கயிற்றால் அவள் கைப்பையோடு கட்டிவிட்டிருந்தார். டாக்டர் அவள் மறதியை ஏடிஹெச்டி, கவனக்குறைபாடு என்றார். உதவாக்கரை என்பது மாமியார் முன்பே வைத்த பெயர்.

ஞாயிறு ஆராதனையில் புதிதாய் வந்த பெண்ணொருத்தி சாட்சி சொல்லிக்கொண்டிருந்தபோது, ஹெப்சிபா வழக்கம்போல மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாகணும்னுதான் அன்னைக்கு பஸ் ஏறுனேன். சீட்டுல இந்த பைபிள் கிடந்துச்சு. ஓரத்துல யாரோ பென்சில்ல எழுதியிருந்தாங்க." அந்தப் பெண் பக்கத்தை விரித்து வாசித்தாள். "ஆண்டவரே, நான் எல்லாவற்றையும் தொலைக்கிறவள். என்னை நீர் தொலைத்துவிடாதேயும்."

ஹெப்சிபா மின்விசிறியிலிருந்து பார்வையை இறக்கினாள். அவள் எழுதி யாருக்கும் காட்டாத ஜெபம் அது.

"அதையே நானும் ஜெபிச்சேன். வீட்டுக்குத் திரும்பிட்டேன்."

சபை அல்லேலூயா சொன்னது. மடியில் ஹெப்சிபாவின் விரல்கள் நைலான் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தன.