முகப்பிலிருந்து இறங்கிய படம்

எமல்டாவின் போன் முகப்பில், இறந்துபோன அவள் கணவரின் படம் இரண்டு வருடமாக இருந்தது. ஆபீஸுக்குப் புதிதாக வருகிறவர்களெல்லாம், "யாருக்கா இது?" என்று கேட்டார்கள். ஒருநாள் காலை அவள் அதை எடுத்துவிட்டு, ஒரு மலைப் படத்தை வைத்தாள்.

கேலரிக்குள் போன பழைய படம், "என்னை மறந்துட்டாளா?" என்று மலையிடம் கேட்டது.

"தெரியலண்ணே. ஆனா உங்களை அவங்க அழிக்கலையே," என்றது மலை.

மதியம் எமல்டா கேலரியைத் திறந்தாள். எத்தனையோ படங்களைத் தள்ளித் தள்ளி, பழைய படத்தைத் தேடிப் பிடித்து, இரண்டு விரலால் பெரிதாக்கினாள்.

"இன்னிக்குக் கத்திரிக்காய்க் குழம்புங்க. உப்பு கூடிப்போச்சு," என்றாள் மெதுவாக.

படம் முகப்பில் இருந்தபோதெல்லாம் அவள் மணி பார்த்துவிட்டுப் போனை வைத்துவிடுவாள். அதோடு அவள் முதன்முதலாகப் பேசியது அன்றுதான்.