அஸ்ராவின் அறை

பெருநாள் பின்னேரம். என் மனைவி நதா இடுப்பிலிருந்த சாவியை எடுத்து எங்கள் மகளின் அறையைத் திறக்கிறாள். வந்திருக்கும் பெண்கள் "மாஷா அல்லாஹ்" என்றபடி படமெடுக்கப் போன்களை உயர்த்துகிறார்கள். ஜன்னல் வெயில் மஞ்சள் சுவரில் விழுகிறது. கட்டிலும் புத்தகத் தட்டும், என் மாத்தளைக் கடையில் மிஞ்சிய ஏலக்காய் மரப்பெட்டிகளை உடைத்து நானே செய்தவை. சின்னப் பிள்ளையின் தோலில் சிராய் குத்தக் கூடாதென்று ஒவ்வொரு விளிம்பையும் தடவிப் பார்த்துத் தேய்த்தேன். பலகை இன்னும் மணக்கிறது. மெத்தையின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கழற்றப்படவில்லை. கழற்றினால் அழுக்காகிவிடும் என்கிறாள் நதா! அப்படியானால் யாருக்காக நான் கை தோலுரியத் தேய்த்தேன்? இந்தப் போன்களுக்கா? அஸ்ரா வாசற்படிக்கு வெளியே நிற்கிறாள். அவள் தினமும் படுப்பது ஹோலில், பாயில். "மகள், இது ஒங்கட ரூமா?" என்று ஒருத்தி கேட்கிறாள். "இல்ல மாமி, வாற ஆக்கள்ட ரூம்." எல்லோரும் சிரிக்கிறார்கள். நதாவும் சிரிக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மகளைத் தூக்கி வந்து கட்டிலின் நடுவில் உட்காரவைக்கிறேன். "இருங்க மகள், இது ஒங்கட கட்டில்." பிளாஸ்டிக் சரசரக்கிறது. "ஐயோ, உறை கிழிஞ்சிரும்," என்கிறாள் நதா. "கிழியட்டும்!" என் சத்தத்தில் போன்கள் தாழ்கின்றன. அஸ்ரா என்னைப் பார்க்கவில்லை, உம்மாவைத்தான் பார்க்கிறாள். பாதங்கள் மெத்தையில் பட்டுவிடாமல் இரண்டு கால்களையும் அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.