மாற்றி ஒட்டிய சீட்டு

"ஏனுங்கண்ணா, ரெண்டு சீட்டையும் மாத்தி ஒட்டிப்போட்டீங்களே! படிச்சுப் பார்க்க மாட்டீங்களா?"

ஆர்.எஸ்.புரம் ஃபிரேம் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். லின்சிக்குக் குரலைத் தணிக்க வராது. மறுநாள் காலை கல்லூரியில் கண்காட்சி. வரலாற்றுத் துறை சார்பில் அவள்தான் பேசுகிறாள்.

கடைக்காரர் அந்தோணிராஜ் துடைத்துக்கொண்டிருந்த துணியோடு வந்தார். "எதுங்க அம்மணி மாறிருச்சு?"

மேசையில் இரண்டு படங்கள். ஒன்று, பதினேழாம் நூற்றாண்டில் ஒரு டச்சு ஓவியர் வரைந்த கடற்போர்ச் சித்திரத்தின் பிரதி. இன்னொன்று, லின்சி மொபைலில் எடுத்துப் பரிசு வாங்கிய புகைப்படம்.

சித்திரத்தின் அடியில் ஒட்டியிருந்தது: 'பெருமழை. முதல் பரிசு: லின்சி.'

"நீங்க வரைஞ்சதுன்னு நெனச்சேனுங்க. மேல பூரா மழை மேகமாட்டம் இருந்துச்சு…"

"அது பீரங்கிப் புகைங்கண்ணா! சண்டைக்கு நடுவுல ஒரு சின்னப் படகுல உட்கார்ந்து அந்த ஆளு வரைஞ்சிருக்காரு. சுத்தியும் மனுசங்க தண்ணியில தத்தளிக்கிறாங்க, இவரு பென்சிலைக் கீழ வைக்கல! 'அவரோட வேலை அது'ன்னு எங்க மேடம் சொல்றாங்க. வேலையாவது ஒண்ணாவது! நாளைக்கு மேடையில இவரைக் கிழிக்கப் போறேன்."

அதற்காகவே இரண்டு நாள் யோசித்து எழுதிய வாசகம், புகைப்படத்தின் அடியில் ஒட்டியிருந்த இன்னொரு சீட்டில் இருந்தது: 'நீட்டிய கையைப் பிடிக்காமல் படமாக்கியவர்.'

அந்தோணிராஜ் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சித்திரத்தின் மேல் குனிந்தார். "கை எங்கீங்க இருக்குது?"

"இதோ, பாய்மரத்துக்குக் கீழ. எறும்பாட்டம்."

"அட, ஆமாங்க! எனக்குத் தெரியாமப் போச்சு. சீட்டுல கைன்னு போட்டிருந்துச்சா, இதுலதான் கை பெருசாத் தெரிஞ்சுது. அதான் ஒட்டிப்போட்டேன்."

புகைப்படத்தை அவள் பக்கம் நகர்த்தினார். ரயில்வே பாலத்துக்கு அடியில் இடுப்பளவு வெள்ளம். மொபெட்டோடு சரிந்த ஒரு பெரியவர். நேராகக் கேமராவைப் பார்த்து நீண்ட கை.

"கோவிச்சுக்காதீங்க கண்ணு, அஞ்சு நிமிசத்துல மாத்திக் குடுத்தர்றேன்." சீட்டின் ஓரத்தைச் சுரண்டக் கத்தியை எடுத்தவர், சும்மாதான் கேட்டார். "அப்புறம் இந்தப் பெரியவரு மேல ஏறிட்டாருங்களா?"

லின்சி புகைப்படத்தைக் கையில் எடுத்தாள்.

அன்று நான்கு படம் எடுத்ததும், நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, அங்கே நின்றபடியே போட்டிக்கு அனுப்பியது ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெரியவர் என்ன ஆனார் என்பது ஞாபகத்திலேயே இல்லை.

"கத்தியை வைங்கண்ணா."

"ஏனுங்க?"

"சித்திரத்துல என் பேரு போட்ட சீட்டை மட்டும் எடுத்துருங்க. நாளைக்கு நான் பேசப் போறது இந்த போட்டோவைப் பத்தித்தான்." குரல் இப்போதும் தணியவில்லை. "இந்தச் சீட்டைச் சரியாத்தான் ஒட்டியிருக்கீங்க."