பக்கத்துக் கட்டில் அக்கா

"பக்கத்துக் கட்டில் கும்ஜா அக்கா பயந்துபோய் இறங்கவே மாட்டேங்கிறாங்க. நடக்கலேன்னா கால்ல ரத்தம் கட்டிடும். நீங்க கூப்பிட்டா வருவாங்க," என்று நர்ஸ் தாஜோங், போராமின் காதோடு சொன்னாள்.

தென்கொரியாவின் அந்தப் பூசான் நகர ஆஸ்பத்திரியில், எடை குறைய இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் முடிந்து போராமுக்கே ஒரு நாள்தான் ஆகியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள்.

"அக்கா, அந்தக் கோடி வரைக்கும் போயிட்டு வருவோமா?"

"உன்னால முடியுமாம்மா?"

"எனக்கென்ன, என் தோளைப் பிடிச்சுக்குங்க."

அன்று ஆறு முறை நடந்தார்கள். ஒவ்வொரு நடைக்கும் பிறகு, சோஜு சாராயம் குடிக்கிற குட்டிக் கிளாசில் இரண்டு மிடறு தண்ணீர். பெரியவர்கள் எதிரில் சாராயம் குடிக்கும்போது காட்டுகிற மரியாதைப்படி, போராம் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்தாள்.

"வெறும் தண்ணிக்குமாடி இந்த மரியாதை?"

"சிரிக்க வைக்காதீங்கக்கா, தையல் வலிக்குது."

மூன்றாம் நாள் இருவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

"உங்களை நடக்க வைக்கத்தான் நானே எழுந்தேன் அக்கா. இல்லேன்னா போர்வையை விட்டு வெளியே வந்திருக்க மாட்டேன்," என்றாள் போராம்.

கும்ஜா பையை மூடுவதை நிறுத்தினாள். "என்னையா? நீதான் அழுதுகிட்டுக் கிடக்கிறே, நடக்கக் கூட்டிட்டுப் போங்கன்னு தாஜோங் என்கிட்ட கெஞ்சினா. உனக்காகத்தான் நான் எந்திரிச்சேன்."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னலோரம் புதிதாக வந்திருந்த பெண்ணின் காதருகே தாஜோங் குனிந்திருந்தாள்.

"எதிர்க் கட்டில் அம்மா ரொம்பப் பயப்படுறாங்க..."

கும்ஜா உதட்டில் விரலை வைத்தாள். போராமின் கையைப் பிடித்துச் சத்தமில்லாமல் வெளியே நடத்திப் போனாள்.