காணாமல்போன புள்ளி

ஆனந்த்ராஜ் திருந்தி இரண்டு மாதம் ஆன பிறகுதான், அவன் செய்யாத குற்றத்துக்காக அந்த போன் வந்தது.

“தம்பி, நம்ம வெப்சைட் மறுபடியும் படுத்துருச்சு. கெளம்பி வா” என்றார் ரஹ்மத்துல்லா பாய்.

திண்டுக்கல்லில் பாய்க்கு பம்புசெட்டு உதிரிபாகக் கடை. ஒட்டன்சத்திரம், சித்தையன்கோட்டைப் பக்கத்து விவசாயிகள் போனிலேயே சாமானைப் பார்த்து ஆர்டர் போட ஒரு வெப்சைட்டும் உண்டு. அதைக் கட்டிக்கொடுத்தவன் ஆனந்த்ராஜ். முன்பெல்லாம் ஒவ்வொரு சாமானின் இணைய முகவரியும் கேள்விக்குறியும் எண்ணுமாகக் கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். அதைக் கடைப்பெயர், அதன் பின்னால் ‘மோட்டார்-புஷ்’ என்று யாரும் வாசிக்கிற மாதிரி மாற்றியவனும் அவன்தான். இந்த மாற்றத்தை நடத்துவது சர்வரில் கிடக்கும் ஒரு குட்டிக் கோப்பு. உள்ளே நாலைந்து வரி விதிகள், அவ்வளவுதான்.

ஆனந்த்ராஜின் குற்றமும் அந்தக் கோப்புக்குள்தான் நடந்தது. வேலை வற்றிப்போகிற மாதங்களில், வீட்டிலிருந்தே உள்ளே நுழைந்து ஒரு விதியின் தலையில் # குறியைப் போட்டுவிடுவான். சர்வர் அதற்குப் பிறகு அந்த வரியைச் சீந்தாது. முகப்புப் பக்கம் மட்டும் ஒன்றும் நடக்காதது போலச் சிரித்துக்கொண்டு நிற்கும். எந்தச் சாமானை அமுக்கினாலும் ‘பக்கம் காணவில்லை’ என்று வரும். பாய் கூப்பிடுவார். இவன் போய், நெற்றியைச் சுருக்கி, மதியம்வரை எதையாவது தட்டிக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் அந்தக் குறியை அழிப்பான். கூலி வாங்குவான். மாடியில் பாயின் மனைவி நுஸைபா சோறு போடுவார்.

அந்தச் சோறுதான் அவனைத் திருத்தியது. போன தடவை, “இம்புட்டு நேரம் ஒத்தையில மல்லுக்கட்டுதே புள்ள” என்று அந்த அம்மாள் தட்டில் அள்ளி வைத்தபோது, அவனுக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை. இனி இந்தப் பிழைப்பு வேண்டாம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தான். முடிவு செய்துவிட்டு, இன்னொரு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

ஆக, இந்தத் தடவை அவன் கைவரிசை இல்லை. ஆனால் ‘இது நான் இல்லை’ என்று சொன்னால், ‘அப்ப மத்தது?’ என்ற கேள்வி வரும். பாய் வெளியே ஒரு வார்த்தை விட்டால் போதும், ஊரில் ஒரு கடைக்காரரும் அவனைப் படியேற்ற மாட்டார்.

அவன் கடைக்குள் நுழைந்ததும், பாய் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ஆள் வந்தாச்சு.”

நுஸைபா பாதிப் படி இறங்கி வந்து அவனை ஏற இறங்கப் பார்த்தார். “நெசமாவே கெட்டுப்போச்சா, இல்ல யாரும் கெடுத்து விட்டாகளா?” என்று கேட்டார்.

“அதைப் பாக்கத்தாம்மா வந்துருக்கேன்” என்றான் ஆனந்த்ராஜ். குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

அந்த அம்மாள் ஒரு பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். தெருக்கோடியில் போலீஸ் ஸ்டேஷன் இருப்பது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

கோப்பைத் திறந்தான். எந்த வரியின் தலையிலும் # இல்லை. விதிகள் எல்லாம் அவன் எழுதியபடியே அச்சாக இருந்தன. முதல்முறையாக, பாய் கொடுக்கிற கூலிக்கு நிஜமாகவே வேலை செய்ய வேண்டியதாகிவிட்டது. வேண்டுமென்றே கோப்பில் ஓர் உளறல் வரியை எழுதிப் பார்த்தான். சர்வர் கோப்பைப் படித்திருந்தால் அலறியிருக்கும். அலறவில்லை. அப்படியென்றால் படிக்கவே இல்லை.

பிறகுதான் கோப்பின் பெயரைப் பார்த்தான். அது ஒரு புள்ளியில் தொடங்க வேண்டும். புள்ளி இல்லாவிட்டால் சர்வருக்கு அது யாரோ எவரோ. அந்தப் புள்ளியை யாரோ நோகாமல் எடுத்திருந்தார்கள். பாஸ்வேர்டு தெரிந்தவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான்.

பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நாற்காலியை அவனருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கண்டுபிடிச்சிட்டியா?”

“யாரோ வேணும்னே பண்ணிருக்காங்க, பாய்.”

“அப்படியா? நீ ஒவ்வொரு தடவ வந்தப்பவும் ஒம் முதுகுக்குப் பின்னாடி சும்மாவா உக்காந்துருந்தேன்? பாஸ்வேர்டை வாய்க்குள்ள முணுமுணுத்துக்கிட்டே தட்டுவ. நீ அழிக்கிற அந்த ஒத்தைக் குறி எங்கன இருக்கும்னு எனக்கு அத்துப்படி.”

ஆனந்த்ராஜ் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினான்.

“முன்ன நடந்ததெல்லாம் நான்தான், பாய். வாங்குன கூலியத் திருப்பிக் குடுத்துர்றேன். ஆனா இந்தப் புள்ளிய எடுத்தது சத்தியமா நான் இல்ல.”

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. ஷட்டருக்கடியில் குனிந்து நுஸைபா உள்ளே வந்தார். கூட யாரும் வரவில்லை. இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பையோடு மாடியேறிப் போனார். அடுப்பைப் பற்றவைக்கிற சத்தம் கேட்கும்வரை பாய் வாயைத் திறக்கவில்லை.

“நீ இல்லனு தெரியும்லே. எடுத்தது நான்தான்.”

“பாய்—”

“மெதுவா. அவ காதுல விழுந்துறப் போகுது.” பாய் அவன் தோளில் கை போட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கொழுப்புக் கூடிருச்சுனு டாக்டர் சொன்னதுலருந்து வெளியாள் வந்தாத்தான் வீட்ல கறி, நீ பாட்டுக்குத் திருந்திட்ட, ரெண்டு மாசமா நான் கோதுமைக் கஞ்சியில கெடக்கேன்.”