பெரியவன் போட்ட கையெழுத்து

“கொடுங்க சிஸ்டர், நான் போடறேன்.”

பெரியவன் கையை நீட்டியதும் அவனுடைய அம்மா விருட்டென்று எழுந்தாள்.

“எதுல போடறே? உன் தம்பி மூச்சை நிறுத்தறதுலயா?”

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி. பைக்கிலிருந்து விழுந்து நாற்பத்தோரு நாள். நினைவு இனி திரும்பாது, மூச்சும் மெஷினுடையதுதான் என்று டாக்டர் மூன்று தடவை சொல்லிவிட்டார்.

“அம்மா, அவன் அங்க இல்லம்மா.”

“நேத்துக்கூட என் விரலைப் பிடிச்சாண்டா!”

“அது தானா நடக்கறதுன்னு டாக்டர் சொன்னாரே...”

“அவருக்கென்ன, சொல்லிட்டுப் போவார். ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சு உனக்கு அலுத்துப்போச்சு. அதைச் சொல்லு!”

தலைமை நர்ஸ் நீட்டிய மடித்த தாளைப் பெரியவன் சுவரில் வைத்தான். படிக்கக்கூட இல்லை. கையெழுத்துப் போட்டான்.

பளாரென்று ஓர் அறை விழுந்தது.

“இனிமே என்னை அம்மான்னு கூப்பிடாதே. என் பொணத்துக்கும் வராதே.”

தம்பியின் மனைவி தோளில் தூங்கும் குழந்தையோடு சுவரோரம் நின்றிருந்தாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

“நீ ஒருத்திதாம்மா அவன் பொழைக்கணும்னு நினைக்கறே. இனி எனக்கு நீ, உனக்கு நான். வா, போலாம்.”

அவள் தலை நிமிரவே இல்லை.

எல்லோரும் போனபின், பக்கத்தில் நின்று பார்த்திருந்த, வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதமான நர்ஸுக்கு மனசு ஆறவில்லை.

“பேனாவைக்கூடத் தயாரா பையில வச்சிருந்தான், பார்த்தீங்களா சிஸ்டர்? இவனெல்லாம் கூடப் பிறந்தவனா?”

“அந்தத் தாளைக் கிழிச்சுக் குப்பையில போடு.”

“ஐயோ, சம்மதக் கடிதமாச்சே!”

“பிரிச்சுப் பாரு.”

பிரித்தாள். தம்பிக்குக் குழாய் வழியாகச் சாப்பாடு ஏற்றிய போன வாரத்து அட்டவணை. எட்டு மணி, பத்து மணி, பன்னிரண்டு மணி.

தலைமை நர்ஸ் ஃபைலைத் திறந்து காட்டினாள். உண்மையான சம்மதக் கடிதத்தில் நேற்றைய தேதி. ‘மனைவி’ என்ற இடத்தில், ஈரம் பட்டு மை கலைந்த ஒரு கையெழுத்து.

“நேத்து அவ போட்டுட்டு வெளியே போனதும் இவர்தான் என்கிட்ட வந்தார். ‘அம்மா கண்ணு முன்னாடி நான் போடறதுக்கு ஏதாவது ஒரு தாள் கொடுங்க சிஸ்டர். நான் திட்டு வாங்கிட்டு என் வீட்டுக்குப் போயிடுவேன். இந்தப் பொண்ணு தினமும் அம்மா முகத்துலதானே முழிச்சாகணும்’னார்.”